பொன் பூசாத ஒன்று

என் வேலை பொன் பூசுவது.
தட்டான் இல்லை.
எர்சுரூம் பல்கலைக்கழகத்தின் நிலவறையில்
மின்னணு நுண்ணோக்கிக்குப் பக்கத்து முக்காலியில்
பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவன்.
கொண்டுவந்து கொடுப்பார்கள்:
சீரகத்தின் ஒன்றுவிட்ட தங்கை,
சோம்பின் முரட்டு மாமன்,
கிண்ணத்தில் கொட்டினால்
எது எதுவென்று தெரியாத கனிகள்.
காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு
மயிரிழையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப்
பொன் தூவுவேன்.
திரையில் மலைகள் எழும்.
ஐந்து முகடு, நடுவே பள்ளத்தாக்கு,
கொக்கி, கொப்புளம், மெழுகின் சுருக்கம்.

பொன் பூசிய விதை முளைப்பதில்லை.
முளைக்குமா என்று யாரும் கேட்டதுமில்லை.

பூவை நம்பாதே, ஃபெராமுஸ், என்பாள் குல்செரென்.
இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே குடை,
அதே வெள்ளை.
கையெழுத்து கனியில்தான்.

அவள் வழக்கு ஒற்றைத் தாளைப் பற்றியது.
தொண்ணூற்றிரண்டு ஆண்டுக்கு முன்
சோரூ ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கில்
ஜூன் மாதம் ஒருவர் பறித்து ஒட்டிய செடி.
பூத்திருந்தது. பெயர் வைத்தார். போய்விட்டார்.
ஆகஸ்டு வரை இருந்திருக்கலாம்.
கனி பாராமல் வைத்த அந்தப் பெயர்
பயணச்சீட்டில்லாதவன் சன்னலோரம் பிடித்தமாதிரி
நூலுக்கு நூல் உட்கார்ந்து வந்திருக்கிறது.
போய்ப் பார்க்கலாமென்றால்
அங்கே இப்போது அணைநீர்.
படகுக்காரன் ஒரு கம்பத்தின் தலையைக் காட்டி
இதுதான் மேட்டுத்தெரு என்றானாம்.

பிப்ரவரியில்,
குழாயில் நீர் கல்லாகிப்போன ஒரு வாரத்தில்,
தாளின் அடிமடிப்பில் கிடைத்தது
ஓர் அரைக்கனி.
முந்தைய ஆண்டின் பட்ட தண்டோடு
பறித்தவருக்கே தெரியாமல் வந்திருக்க வேண்டும்.
அரிசிமணி அளவு. பழுப்பு.
கூடப் பிறந்த மறுபாதி எந்த ஆட்டின் மயிரில் போனதோ.

என் மேசையில் வைத்தாள்.
பொன் பூசினால் தோல் தெரியும்,
உள்ளே ஓடும் எண்ணெய்க்குழாய்களை எண்ண முடியாது.
அறுத்தால் எண்ணலாம், தோல் போய்விடும்.
மண்ணில் வைத்தால்...
சொன்னது நான்தான்.
அவள் சிரிக்கவில்லை.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
"தொண்ணூற்றிரண்டு" என்றாள்,
அவ்வளவுதான்.

இரவு முழுக்க வெந்நீரில் ஊறவேண்டும்.
கையில் அகப்பட்டது ஒரு தேநீர்க் குவளை.
காலையில் தேநீர்க்காரர் சித்கி
எச்சில் குவளைகளோடு அதையும் தட்டில் அடுக்கிப் போய்க்கொண்டிருக்க
காலுறையோடு தாழ்வாரம் முழுக்க ஓடிப்போய் மறித்தேன்.
எட்டிப் பார்த்துவிட்டு
"சர்க்கரை கரையவில்லை போல" என்றார்.

கேரட் துண்டைப் பிளந்து நடுவே செருகினாள்.
கேரட்டும் இதே குடும்பம்தான்,
உறவின் மடியில் கிடத்தி அறுக்கிறாய் என்றேன்.
வாயை மூடு என்றாள்.
சவரத்தகடு இறங்கியது.

அப்போது வந்தது.
மண்ணெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் கலந்ததுபோல்
ஒரு கூர்மை, மூக்கு விறைத்தது.
நீருக்கு அடியில் போன சரிவு ஒன்று
அரைக் கணம் அறைக்குள் வெயிலில் நின்றது.
காற்றில்லாத கூண்டில்
ஆயிரக்கணக்கில் விதை பார்த்தவன் நான்.
ஒன்றைக்கூட முகர்ந்ததில்லை.

குல்செரென் வில்லையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"பள்ளத்துக்கு மூன்று."
நூல்களில் ஒன்று என்றிருந்தது.
மறுபடி எண்ணினாள். என்னை எண்ணச் சொன்னாள்.
மூன்று, மூன்று, ஓரத்தில் ஒன்று நசுங்கியிருந்தது,
அதையும் மூன்றென்றே வைத்தோம்; இல்லை,
"நசுங்கியது" என்று எழுதினாள் அவள்.

பெயர் மாற இரண்டு வருடம் பிடித்தது.
இப்போது வேறொரு பேரினத்தில்
சொந்தக்காரர்களோடு இருக்கிறது,
ஆள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாமல்.
கண்ணாடிச் சில்லில் ஆறு சீவல்கள் மிச்சம்.
குவளை என் அலமாரியில்.
நாடா ஒட்டி எழுதியிருக்கிறேன்:
சித்கி அண்ணா, இதைக் கழுவவேண்டாம்.